மெல்ல வளரும் பகை

இரவிலே உழுந்தை அரைத்து மாக் கரைத்து மூடிவைத்தால், விடியற்காலையில் அது பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டுப் பொங்கி நிற்கின்றது. காய்ச்சி ஆறிய பாலில் ஒரு கரண்டி தயிரை உறையிட்டு வைத்தால், மறுநாட் காலை அது கட்டித் தயிராகிவிடுகின்றது. இவை நம் வீடுகளில் நாடோறும் நிகழ்வன. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் ஒன்று இரண்டாகவும், இரண்டு நான்காகவும் இரவெல்லாம் பெருகியதன் பயனையே நாம் காலையில் உணவாக உண்கின்றோம். ஆதலின் பற்றீரியா என்ற சொல்லைக் கேட்டவுடன் அதன் வேகமே எமது நினைவுக்கு வருகின்றது. ஆறாத புண்ணும், மூடாத உணவும் ஒரே இரவிற் கெட்டுப்போவதைக் கண்ட நமக்கு அவ்வாறு தோன்றுவது இயல்பேயாம்.

எனினும் இந்த அவசரம் சற்றுமில்லாத ஒரு பற்றீரியாக் குலம் உலகில் உண்டு. ஒன்று இரண்டாவதற்கு ஏறத்தாழ ஒரு முழு நாளை எடுத்துக்கொள்ளும் கிருமிகள் இக்குலத்தில் இருக்கின்றன. அவை மனிதனின் நுரையீரலிற் குடிபுகுந்து, மாதக்கணக்காக, ஏன், ஆண்டுக்கணக்காகவும் ஓசையின்றி அதனை அரிக்க வல்லவை. இவற்றுள் காசநோய்க் கிருமியை யாவரும் அறிவர். அதன் உறவினர் பலரை நம்மிற் பெரும்பாலோர் அறியார். அந்த உறவினருள் ஒன்றாகிய ‘மைக்கோபற்றீரியம் கன்சாசி’ என்னும் கிருமியைப் பற்றியே இவ்வாரம் எழுத எண்ணினோம். வாயில் நுழையாத இப்பெயரை ஒரு குடும்பம் ஏன் அறிந்திருக்க வேண்டுமென்று வாசகர்கள் கேட்கலாம். அதற்கான விடை இக்கட்டுரையின் பிற்பகுதியில் வரும்.

நான்கு மணியும் பத்து நாளும்

கணிதத்தில் விருப்புள்ள மாணவர்கள் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்க்கட்டும். மனிதனுடைய குடலில் வாழும் சாதாரண பற்றீரியாவொன்று, தக்க உணவும் வெப்பமும் கிடைத்தால், 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். பன்னிரண்டு முறை பிரிந்தால் ஒன்று 4096 ஆகும். அதற்கு வேண்டிய நேரம் 240 நிமிடம். அதாவது 4 மணித்தியாலம். காசநோய்க் கிருமியோ ஒருமுறை பிரிய ஏறத்தாழ 20 மணித்தியாலம் எடுக்கின்றது. அதுவும் பன்னிரண்டு முறை பிரிந்து 4096 ஆக வேண்டுமாயின் 240 மணித்தியாலம், அதாவது 10 நாட்கள் செல்லும். ஒன்றின் நான்கு மணித்தியாலம் மற்றொன்றின் பத்து நாட்களுக்குச் சமமாகின்றது.

இந்தத் தாமதத்துக்குக் காரணம் யாது? முதலாவது காரணம், இக்கிருமிகள் அணிந்திருக்கும் கவசம். இவற்றின் கலச்சுவர் மைக்கோலிக்கமிலம் எனப்படும் நீண்ட கொழுப்பமிலங்களால் ஆனது; மெழுகு பூசியது போன்றது. மெழுகு பூசிய துணியில் நீர் எளிதில் ஊறாததுபோல், இச்சுவரினூடே உணவுப் பொருள்களும் எளிதில் உட்புகுவதில்லை. இத்தகைய சுவரைக் கட்டியெழுப்புவதும் பெருஞ் செலவான வேலை. இரண்டாவது, கலத்தினுள்ளே புரதங்களை ஆக்கும் தொழிற்கூடங்களாகிய இறைபோசோம்களைச் செய்வதற்கு வேண்டிய மரபணுத் தொகுதி, முன்னர் கூறிய குடற் பற்றீரியாவில் ஏழு இருக்கின்றன. மெல்ல வளரும் இக்கிருமிகளிலோ பெரும்பாலும் ஒன்றே உண்டு. ஏழு அடுப்புள்ள சமையலறையும் ஓர் அடுப்புள்ள சமையலறையும் ஒரே வேகத்தில் விருந்து படைக்க முடியுமா?

ஆயினும் மெல்ல வளர்வது இக்கிருமிக்கு ஒரு குறையன்று. உணவு உள்ளே நுழைவதைத் தடுக்கும் அதே சுவர், மருந்தையும், குளோரீனையும், உடலின் பாதுகாப்புக் கலங்கள் உமிழும் நச்சுப் பொருள்களையும் தடுத்துவிடுகின்றது. வேகத்தை விற்று இக்கிருமி உறுதியை வாங்கியிருக்கின்றது என்றே கூறவேண்டும்.

காத்திருந்த அறிஞர்

இக்குலத்தின் முதற் கிருமியைக் கண்டவர் நோர்வே நாட்டு வைத்தியர் ஹான்சன். 1873ஆம் ஆண்டில் தொழுநோயாளரின் உடலில் அவர் அதனைக் கண்டார். அக்கிருமியைச் செயற்கை உணவில் வளர்க்க இன்றுவரை எவராலும் இயலவில்லை. அடுத்து, 1882ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24ஆந் திகதி பேர்லின் நகரிலே றொபேட் கொக் என்னும் ஜேர்மானிய அறிஞர் காசநோயின் கிருமியைக் கண்டறிந்த செய்தியை வெளியிட்டார். மனிதரில் ஏழு பேருக்கு ஒருவர் இந்நோயால் மடிகின்றனர் என்று அவர் அன்று எடுத்துரைத்தார். அந்நாள் இன்று உலகெங்கும் காசநோய் நாளாக நினைவுகூரப்படுகின்றது.

கொக் என்பார் அக்கிருமியை நுணுக்குக்காட்டியிற் கண்டதோடு நின்றாரல்லர். வெப்பத்தால் உறையச் செய்த இரத்தத் தெளியத்தில் அதனை வளர்த்தும் காட்டினார். ஏனைய கிருமிகள் ஓரிரு நாளில் வளர்ந்துவிடுவதைக் கண்டு பழகிய அக்கால ஆய்வாளர், இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் ஒன்றும் தோன்றாத குழாய்களைப் பயனற்றவையென ஒதுக்கியிருத்தல் கூடும். கொக்கின் குழாய்களில் இரண்டாம் வாரத்திலேதான் கண்ணுக்குப் புலப்படும் வளர்ச்சி தோன்றியது. அதுவரை அவர் காத்திருந்தார். அப்பொறுமைக்குக் கிடைத்த பேறே அக்கண்டுபிடிப்பு.

அதே காலத்தில் சீல், நீல்சன் என்னும் ஜேர்மானிய அறிஞர் இருவர் வகுத்துத் தந்த சாயமிடும் முறை இன்றும் வழக்கிலுள்ளது. நோயாளியின் சளியைக் கண்ணாடித் தகட்டிற் பூசி, செந்நிறச் சாயமொன்றை ஊற்றிச் சூடாக்குவர். சூட்டினால் அச்சாயம் மெழுகுச் சுவரினுள்ளே புகுந்துவிடும். பின்னர் அமிலங் கலந்த அற்ககோலால் தகட்டைக் கழுவுவர். மற்றக் கிருமிகளின் செந்நிறம் கழன்றோடிவிடும். இக்குலத்துக் கிருமிகள் மாத்திரம் பெற்ற நிறத்தை விடமாட்டா. இறுதியில் நீலச் சாயம் இட்டுப் பார்க்கும்போது, நீலப் பின்னணியிலே செந்நிறக் கோல்கள் தெரியும். இவ்வியல்பு கொண்டே இவற்றை ‘அமிலத்துக்கு அசையாத கிருமிகள்’ என்று வைத்தியர்கள் அழைக்கின்றனர்.

இங்கே வாசகர்கள் ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். செந்நிறக் கோல்கள் தெரிந்தால், அவை மைக்கோபற்றீரியக் குலத்தைச் சேர்ந்தவை என்று கொள்ளலாம். அக்குலத்துள்ளே எந்தக் கிருமி என்பதை அந்நிறம் கூறாது.

கன்சாஸ் நகரின் மஞ்சட் கிருமி

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில், சளியிலே செந்நிறக் கோல்கள் தெரிந்தால் அது காசநோய் என்பதே பொதுவான முடிபாக இருந்தது. 1953ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் கன்சாஸ் நகரைச் சேர்ந்த பியூலர், பொலக் என்னும் வைத்திய ஆய்வாளர் இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நோயாளர் இருவரிடம் தாம் கண்ட விசித்திரமான கிருமியை அதில் விவரித்தனர். நோய் காசநோயைப் போலவே இருந்தது. ஆனால் வளர்ப்புக் குழாயில் தோன்றியது காசநோய்க் கிருமியன்று. காசக்கிருமியின் வளர்ச்சி மங்கிய மாநிறமாய்ச் சொரசொரப்பாக இருக்கும். இதுவோ எலுமிச்சம்பழம் போன்ற மஞ்சள் நிறம் காட்டிற்று. ஆதலின் முதலில் ‘மஞ்சட் கிருமி’ என்றே அதனை அழைத்தனர். பின்னர் அது கண்டெடுக்கப்பட்ட ஊரின் நினைவாகக் ‘கன்சாசி’ என்ற பெயர் அதற்குச் சூட்டப்பட்டது.

இம்மஞ்சள் நிறத்தில் ஒரு விந்தையுண்டு. கிருமியை இருளிலே வளர்த்தால் அது வெண்மையாகவே இருக்கும். வளர்ந்த குழாயின் மூடியைச் சற்றுத் தளர்த்தி, காற்றுப்படச் செய்து, சிறிது நேரம் விளக்கொளியிலே வைத்துவிட்டு மீண்டும் இருளில் வைத்தால், மறுநாள் அது மஞ்சளாகியிருக்கும். ஒளி பட்டதும் கிருமி ‘பீற்றாக் கரட்டீன்’ என்னும் நிறப்பொருளை ஆக்கத் தொடங்குகின்றது. நாம் உண்ணும் கரட்டுக்கு நிறந் தருவதும் இப்பொருளேயாம். சமையலறைக் கரட்டும் நுரையீரல் நோயாளியின் சளியிலிருந்து வளர்ந்த கிருமியும் ஒரே வண்ணத்தைப் பூசிக்கொள்வது இயற்கையின் விளையாட்டுகளில் ஒன்று.

இவ்விந்தையைப் பயன்படுத்தி, 1959ஆம் ஆண்டில் எர்னஸ்ற் றன்யன் என்னும் அமெரிக்க அறிஞர், அதுவரை பெயரற்றவையென்று கூறப்பட்டுவந்த இக்குலத்துக் கிருமிகளை நான்கு பிரிவாக வகுத்தார். ஒளி பட்டால் நிறங்கொள்பவை முதற் பிரிவு. கன்சாசி இதில் அடங்கும். இருளிலும் நிறங்கொள்பவை இரண்டாம் பிரிவு. நிறமே கொள்ளாதவை மூன்றாம் பிரிவு. இம்மூன்றும் மெல்ல வளர்பவை. ஏழு நாட்களுக்குள் கண்ணுக்குத் தெரியும்படி வளர்பவை நான்காம் பிரிவு. ‘ஏழு நாளில் வளர்வதா வேகம்?’ என்று தோசை மாவை அறிந்த நம் தாய்மார் நகைக்கக்கூடும். இக்குலத்திலே அது வேகந்தான்!

கன்சாசிக்குப் பின்னர் அதன் உறவினர் பலர் அடையாளங் காணப்பட்டனர். ஆபிரிக்கத் தேரை ஒன்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு 1959இல் விவரிக்கப்பட்டது செனொப்பி. சுவீடன் நாட்டு மால்மோ நகரின் பெயரைத் தாங்கி 1977இல் வந்தது மால்மொயன்சி. பறவைகளின் நோயில் முதலில் அறியப்பட்ட ஏவியம் என்பது, 1980ஆம் ஆண்டுகளில் எயிட்ஸ் நோயாளரைப் பெரிதும் வருத்தியமையால் உலகறிந்ததாயிற்று. மரபணுக்களைப் படிக்கும் இக்காலத்தில், கன்சாசி என்று ஒன்றாக எண்ணப்பட்டதே பல இனங்களின் கூட்டமென்று தெரிந்தது. 2019இல் அக்கூட்டத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இனமொன்றுக்கு ‘தீங்கற்றது’ எனப் பொருள்படும் இலத்தீன் பெயரை அறிஞர் இட்டுள்ளனர். மனிதருக்கு நோய் தருவது பெரும்பாலும் அக்கூட்டத்தின் முதல் வகையே.

அது வாழுமிடம்

காசநோய்க் கிருமி மனிதனையே வீடாகக் கொண்டது. நோயாளி இருமும்போது காற்றிற் கலந்து அடுத்தவரின் நுரையீரலை அடைகின்றது. அதன் உறவினர் பெரும்பாலும் மண்ணிலும் நீரிலும் வாழ்பவர். கன்சாசியை ஆய்வாளர் நகரங்களின் குழாய் நீரிலேயே பெரிதும் கண்டிருக்கின்றனர். நீர்க்குழாயின் உட்புறத்தில் வழுவழுப்பான மென்படை ஒன்று படிந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அப்படையினுள்ளே இக்கிருமிகள் தங்குகின்றன. மெழுகுச் சுவர் காரணமாக, நீரைச் சுத்திகரிக்க இடும் அளவு குளோரீன் இவற்றை எளிதிற் கொல்வதில்லை. நீர் சிதறி நுண்துளிகளாகும்போது மூச்சுடன் இவை நுரையீரலை அடைகின்றன.

இதனைப் படித்துவிட்டு எவரும் குழாய் நீரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நலமான நுரையீரல் இக்கிருமிகளை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். நுரையீரல் முன்னரே பழுதுற்றிருந்தாற்றான் இவை காலூன்றும். நெடுங்காலம் புகைத்தோர், மூச்சுக் குழாய்கள் நிரந்தரமாக விரிவடையும் நோயுள்ளோர், முன்னர் காசநோய் வந்து தழும்பு எஞ்சியோர், எதிர்ப்புச் சத்தி குன்றியோர் ஆகியோரே பெரிதும் இலக்காகின்றனர். தென்னாபிரிக்காவின் பொற்சுரங்கத் தொழிலாளரிடையே இந்நோய் அதிகமாகக் காணப்பட்டது. நிலத்தின் கீழே பாறையைத் துளைக்கும்போது எழும் நுண்ணிய சிலிக்காத் தூசு, ஆண்டுக்கணக்காக அவர்களின் நுரையீரலிற் படிந்து அதன் காவலைக் குலைத்துவிடுகின்றது. காவல் குலைந்த வீட்டினுள் மெல்ல நடப்பவனும் நுழைந்துவிடுவான்.

உள்ளே நுழைந்த கிருமியை உடலின் விழுங்கு கலங்கள் விழுங்குகின்றன. விழுங்கப்பட்ட பின்பும் மெழுகுக் கவசத்தின் துணையால் அது சாகாது உள்ளேயே வாழ்கின்றது. உடல் மேலும் மேலும் கலங்களை அனுப்பி அவ்விடத்தைச் சுற்றி வளைக்கின்றது. நடுப்பகுதி நாளடைவில் இறந்து கரைந்து, நுரையீரலின் மேற்பகுதியிலே பொந்து ஒன்று உண்டாகின்றது. இருமல், சளி, மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, சிலவேளை சளியில் இரத்தம் ஆகியவை தோன்றுகின்றன. ஒவ்வொன்றும் காசநோயின் அடையாளமே! எக்ஸ்-கதிர்ப் படத்தைப் பார்த்தாலும் வேற்றுமை காண்பது அரிது.

ஒரே முகம், இரண்டு நோய்கள்

குடும்பங்கள் இதனை ஏன் அறிய வேண்டுமென்ற கேள்விக்கு இப்பொழுது வருகின்றோம். ஐம்பது வயது கடந்த ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். இளமை தொட்டே புகைத்தவர். மூன்று மாதமாக இருமல். வைத்தியர் சளியைச் சோதிக்கின்றார். செந்நிறக் கோல்கள் தெரிகின்றன. காசநோய்க்குரிய ஆறுமாதச் சிகிச்சை தொடங்குகின்றது. முதல் இரண்டு மாதம் ஐசோனியசிட், றிபாம்பிசின், பைரசினமைட், எதாம்பியூட்டோல் என்ற நான்கு மருந்துகள். பின்னர் நான்கு மாதம் முதலிரண்டு மாத்திரம்.

அவரிடம் இருப்பது கன்சாசியாயின், பைரசினமைட் அதனைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஏனைய மருந்துகளால் அவர் சிறிது தேறுவார். ஆறு மாதத்தில் மருந்து நின்றதும் நோய் மீண்டும் தலைதூக்க இடமுண்டு. இருப்பது ஏவியமாயின் ஐசோனியசிட்டும் பயன் தராது, இருமல் குறையாது, சளியிற் கோல்கள் தொடர்ந்து தெரியும். அப்பொழுது ‘மருந்துக்கு அடங்காத காசநோய்’ என்ற ஐயம் எழலாம். அதற்கு வலிமை மிக்க வேறு மருந்துகள் உண்டு. அவற்றின் துன்பமும் மிகுதி. இல்லாத நோயொன்றுக்கு அவற்றை உண்டு, இருக்கும் நோயை வளரவிடும் நிலைக்கு அவர் ஆளாகக்கூடும்.

இதனைத் தவிர்க்கும் வழி, கிருமியின் பெயரைத் தெளிவாக அறிதலேயாம். 2010ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட ஜீன் எக்ஸ்பேட் என்னும் பொறி, சளியிலே காசநோய்க் கிருமியின் மரபணு இருக்கின்றதா என்பதை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்திற் கூறிவிடுகின்றது. நுணுக்குக்காட்டியில் கோல்கள் நிறையத் தெரிந்தும், அப்பொறி ‘காசக்கிருமி இல்லை’ என்று கூறுமாயின், உறவினர் எவரோ உள்ளே இருக்கின்றார் என்ற ஐயம் வைத்தியருக்கு எழும். அடுத்து, சளியைச் சோடியமைதரொட்சைட்டுக் கரைசலுடன் சேர்த்து, வேகமாய் வளரும் ஏனைய கிருமிகளைக் கொன்றபின், முட்டையும் பச்சைச் சாயமும் கலந்த உணவுள்ள குழாயில் வளர்ப்பர். அதற்கு வாரங்கள் செல்லும். எட்டு வாரம் வரையும் காத்திருப்பர். வளர்ந்த கிருமியின் மரபணுவைப் படித்து அதன் பெயரை உறுதி செய்வர்.

நீரில் வாழும் கிருமியாதலால், ஒருமுறை சளியில் அகப்பட்டுவிட்டதென்பதைக் கொண்டு நோயென்று முடிவு செய்தலும் தவறு. வெவ்வேறு வேளைகளில் எடுத்த இரண்டு சளிகளிலேனும் அது வளர வேண்டும். நோயின் குறிகள் இருக்க வேண்டும். படத்திலும் பழுது தெரிய வேண்டும். இம்மூன்றும் ஒத்துவந்தால் மாத்திரமே நோயென்று கொள்வது வைத்திய உலகின் விதி. ‘இத்தனை முறை சளி கேட்கின்றார்களே!’ என்று சலித்துக்கொள்ளும் நோயாளரும் வீட்டாரும் இதனை உணர்ந்தால் சலிப்பு நீங்கும்.

மருந்தும் பொறுமையும்

பெயர் தெரிந்துவிட்டால் கன்சாசி வெல்லக்கூடிய பகையே. இக்குலத்து நோய்களுள் மருந்துக்கு நன்கு பணிவது இதுவென வைத்தியர்கள் கூறுவர். றிபாம்பிசின், எதாம்பியூட்டோல் ஆகியவற்றுடன் ஐசோனியசிட்டையோ, அசித்திரோமைசின் போன்ற ஒன்றையோ சேர்த்துக் கொடுப்பர். ஆனால் காலம் நீண்டது. குறைந்தது 12 மாதம் அவற்றை உண்ண வேண்டும். ஏவியமாயின், சளியிற் கிருமி அற்றுப்போன நாளிலிருந்து மேலும் 12 மாதம்.

ஏன் இத்தனை நீண்ட காலம்? மருந்துகள் பெரும்பாலும் கிருமி வளரும்போதே அதனைத் தாக்குகின்றன. மெல்ல வளரும் கிருமியை மெல்லவே கொல்ல முடியும். இரண்டாம் மூன்றாம் மாதத்தில் இருமல் நின்று, உடல் தேறி, உணவு செல்லத் தொடங்கியதும், ‘எனக்குச் சுகமாகிவிட்டதே, இனி எதற்கு மருந்து?’ என்று நிறுத்துவோர் பலர். அப்பொழுது எஞ்சியிருப்பவை மருந்தைத் தாங்கக்கூடிய கிருமிகளே. அவை பெருகினால் முந்திய மருந்து பின்னர் பலியாது. நோயைவிடக் கொடியது பாதியில் விட்ட மருந்து.

மருந்துகளின் பக்க விளைவுகளையும் வீட்டார் அறிந்திருத்தல் நன்று. றிபாம்பிசின் உண்பவரின் சிறுநீர் செம்மஞ்சள் நிறமாகும். அதற்கு அஞ்ச வேண்டாம். எதாம்பியூட்டோல் உண்பவருக்குப் பார்வை மங்கினாலோ, சிவப்பும் பச்சையும் வேறுபாடின்றித் தெரிந்தாலோ உடனே வைத்தியரிடம் செல்ல வேண்டும். ஐசோனியசிட்டினால் கைகால் விறைப்பு உண்டாகலாம். கண் மஞ்சளாகினால் ஈரல் தாக்குண்டதென்பதற்கு அறிகுறி, அதனையும் மறைத்தலாகாது.

தனித்து வைக்கப்பட்ட பேணி

நாம் சிறுவராயிருந்த காலத்தில் எமது அயலிலே ஒரு பெரியவர் இருந்தார். எப்பொழுதும் இருமுவார். வீட்டின் பின்விறாந்தையில் அவருக்கென்று ஒரு பாயும், ஒரு தட்டும், ஒரு தகரப் பேணியும் தனியாக இருந்தன. தேநீரை வேறு பாத்திரத்திலிருந்து உயர்த்தி அப்பேணியில் ஊற்றுவார்கள். பேரப்பிள்ளைகள் அந்தப் பக்கம் போனால் அதட்டி அழைப்பார்கள். மகளுக்குத் திருமணம் பேசிய காலத்தில் அவர் உறவினர் வீடொன்றுக்கு அனுப்பப்பட்டார், திரும்பி வரவில்லை. அவருடைய நோய்க்கு என்ன பெயர் என்று எவரும் வைத்தியரிடம் கேட்டதாக எமக்கு நினைவில்லை. இருமல் என்ற ஒன்றே அவருக்குத் தீர்ப்பு எழுதப் போதுமானதாயிருந்தது.

அவருக்கிருந்தது கன்சாசி போன்ற ஒன்றாயின், அந்தத் தகரப் பேணிக்கு ஒரு தேவையுமில்லை. இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதாக அறியப்படவில்லை. காசநோயேயாயினும் அது காற்றினாற் பரவுவதேயன்றித் தட்டினாலும் பேணியினாலும் பரவுவதன்று. தக்க மருந்தை ஒழுங்காக உண்ணத் தொடங்கியதும் தொற்றும் ஆற்றலும் விரைந்து குறைகின்றது. 1956ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தார், நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானற்றோரியத்திலும் மற்றப் பிரிவினரை அவர்தம் ஏழை வீடுகளிலும் வைத்து மருந்து கொடுத்தனர். 1959இல் வெளிவந்த முடிவு உலக வைத்தியத்தையே திருப்பியது. வீட்டில் வைத்துக் கொடுத்த மருந்தும் ஏறக்குறைய அதே பயனைத் தந்தது. வீட்டாருக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவுமில்லை. நோயாளியை விலக்கி வைக்கும் வழக்கத்துக்கு விஞ்ஞானம் விடைகொடுத்து அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. நம் வீடுகளிற் சில இன்னும் விடைகொடுக்கவில்லை.

ஆதலின் வாசகர்களிடம் நாம் வேண்டுவது இதுவே. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலை அசட்டை செய்யாதீர்கள், மறைக்கவும் வேண்டாம். நம் நாட்டில் மாவட்டந்தோறும் மார்புநோய்ச் சிகிச்சை நிலையங்கள் உள்ளன. அங்கே பரிசோதனைக்கோ மருந்துக்கோ பணம் வேண்டியதில்லை. முடிவு தெரியும்வரை இருமும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள். சன்னல்களைத் திறந்து வையுங்கள். மருந்து உண்டும் குணமாகாவிடின், ‘வளர்ப்புப் பரிசோதனையின் முடிவு என்ன? கிருமியின் பெயர் என்ன?’ என்று பணிவோடு கேளுங்கள். அவ்வாறு கேட்பது வைத்தியரை ஐயுறுவதாகாது.

மாணவர்களுக்கும் ஒரு சொல். உயர்தர வகுப்பில் உயிரியல் கற்கும் உங்களுட் சிலர் நாளை ஆய்வுகூடத்தில் வேலை செய்வீர்கள். ஒரு நாள், ஆறு வாரமாகியும் ஒன்றும் வளராத பச்சைநிறக் குழாயொன்று உங்கள் கையிலிருக்கும். கழுவி வைத்துவிடலாமென்று மனம் கூறும். அப்பொழுது, எங்கோ ஒரு வீட்டின் பின்விறாந்தையில் ஒருவர் தம் நோயின் பெயருக்காகக் காத்திருக்கின்றார் என்பதை நினைத்து, இன்னும் இரண்டு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.